வேலை மேசையின் காலுக்கு அடியில் என்ன வைப்பது?

கேள்வி: கொக்குவில் வாசகர், 8.9.2024

பின்பக்கத் தாழ்வாரத்தில் ஆறு அடி நீளத் தச்சு மேசை ஒன்று அடித்திருக்கிறேன். கால்கள் வேம்பு, மேற்பலகை முதிரை. நிலம் சீமெந்து, மழைத்தண்ணீர் ஓட வெளிப்பக்கமாகச் சரித்து விட்டிருக்கிறார்கள். மேசை தளம்புகிறது. மட்டை மடித்து வைத்தால் கெதியாக நசுங்கிப் போகிறது. ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் ஐஸ் ஹொக்கி விளையாடும் இறப்பர் வில்லைகள் நான்கு கொண்டுவந்து தந்து, அங்கே எல்லாரும் மேசைக் காலுக்கு இதைத்தான் பாவிக்கிறார்கள், இதைவிட நல்ல சாமான் இல்லை என்கிறார். சரியா? உயர்த்தி இறக்கக்கூடிய மாதிரிக் கால் அடி நானே செய்வதென்றால் எந்தச் சாமானில் செய்வது?

பதில்: 8.9.2024, இரவு

வில்லையை எறிந்துவிட வேண்டாம், நல்ல சாமான் அது. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிப்பு, வல்கனைஸ் செய்த கெட்டி இறப்பர். ஆனால் மச்சான் அதை எந்த மேசைக்கு அடியில் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். கிரைண்டரோ துளையிடும் மெசினோ நிற்கிற மேசை என்றால் சரி. சீவுளி போடும் மேசை என்றால் வேறு கதை.

நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். அதற்குள் மேசைக்குக் கட்டைகள் கொடுத்து நீர்மட்டம் பார்த்து நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் நிலத்துக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று அளந்து போடுங்கள் தம்பி. அந்தக் கணக்கு இல்லாமல் சாமானைப் பற்றிக் கதைத்துப் பிரயோசனம் இல்லை.

9.9.2024

கால் அடி என்று நாம் ஒரே சாமானாகப் பேசுகிறோம். அதற்குள் மூன்று வேலை இருக்கிறது. உயர்த்தி இறக்க ஒரு புரி வேண்டும். அந்தப் புரியின் நுனியில் இறங்கும் பாரத்தை அகலமாகப் பரப்ப ஒரு தட்டு வேண்டும். நிலத்தைப் பிடிக்க ஒரு அடித்தோல் வேண்டும். மூன்றையும் ஒரே பொருளால் செய்யப் போகும்போதுதான் பிரச்சினை வருகிறது. புரிக்குக் கெட்டித்தன்மை வேண்டும், அடித்தோலுக்குப் பிடி வேண்டும். இரண்டும் ஒரே பொருளில் அமைவது அரிது.

உங்கள் மேசை மேலே கிடக்கும் ஆயுதங்களோடு 120 கிலோ என்று வைப்போம். நான்கு காலுக்கும் பகிர்ந்தால் காலுக்கு 30 கிலோ. 12 மி.மீ. போல்ட்டின் தலை மட்டும் நிலத்தில் நின்றால் அந்தத் தலைக்கு சுமார் 3 சதுர செ.மீ. பரப்பு, ஆக ஒரு சதுர செ.மீ.க்கு 10 கிலோ. மினுக்கிய சிவப்புச் சீமெந்தில் அது வட்ட வட்டமாக அடையாளம் வைக்கும், மேசையைக் கொஞ்சம் இழுத்தால் கீறும். வில்லைக்கு 45 சதுர செ.மீ. பரப்பு. அதில் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோகூட விழாது. இவ்வளவு குறைந்த பாரத்தில் நல்ல இறப்பர் எதுவும் நசுங்காது. ஆகவே எந்த இறப்பர் பாரம் தாங்கும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது பக்கவாட்டில் வரும் தள்ளலைப் பற்றி. சீவுளியைத் தள்ளும்போது மேசையும் உங்களோடு போகப் பார்க்கும். காலுக்கு அடியில் ஒரு அங்குல இறப்பர் இருந்தால் அது ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் சாய்ந்து திரும்பி வரும். கையில் அது தெரியும்: சீவல் ஒரே தடிப்பில் வராது, சீவுளி நடுவில் ஒருக்கால் துள்ளும். உளியில் கொட்டனால் அடித்தாலும் அடியின் ஒரு பங்கை இறப்பர் வாங்கிக்கொள்ளும். தச்சு மேசைக்கு இறப்பர் மெல்லியதாக, 3 முதல் 5 மி.மீ. வரை, ஒரு இரும்புத் தட்டிலோ கெட்டி மரத்திலோ ஒட்டியபடி இருந்தால் போதும். பிடி கிடைக்கும், சாய்வு இராது.

மச்சானின் வில்லையையும் இப்படிச் செய்யலாம். வாளால் குறுக்கே அறுத்து மெல்லிய வட்டங்களாக எடுங்கள். சவர்க்காரத் தண்ணீர் விட்டு விட்டு அறுத்தால் வாள் இறுகாது.

10.9.2024

அளவு வந்திருக்கிறது: உள்பக்கக் கால்கள் இரண்டும் நிலத்தில், வெளிப்பக்கத்தில் ஒன்று 28 மி.மீ., மற்றது 31. தாழ்வாரத்துக்கு 60க்கு 1 என்று சரிவு விட்டிருப்பார்கள். 1.8 மீற்றருக்கு அது 30 மி.மீ. கொத்தனார் சரியாகத்தான் விட்டிருக்கிறார்.

இந்த 30 மி.மீ.யையும் போல்ட்டாலேயே எடுக்கப் போகாதீர்கள். வெளியே நீட்டி நிற்கும் போல்ட் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மேசை ஆடும். வெளிப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 20 மி.மீ.க்குக் கெட்டி மரக்கட்டை பூட்டிக் காலையே நீளமாக்குங்கள். மிச்சம் 10 மி.மீ. போல்ட்டுக்கு. 12 மி.மீ. போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மி.மீ. ஏறும். கால் சுற்றுக்கு அரை மி.மீ.கூட இல்லை, அவ்வளவு நுணுக்கமாக நிறுத்தலாம்.

இன்னொன்று. தச்சு மேசை நீர்மட்டத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மேற்பலகை முறுகாமல் ஒரே தளமாக இருக்க வேண்டும், நான்கு காலும் நிலத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். சரிவோடு சரிவாக நின்றாலும் சீவிய பலகை நேராகத்தான் வரும். ஆனால் நான்காவது காலை அளவுக்கு மேல் ஏற்றினால் மேசையின் சட்டமே முறுகி, பலகையும் முறுகும். மேசையின் இரண்டு தலைப்பிலும் இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே நிறுத்தி, ஒன்றின் விளிம்பைத் தாண்டி மற்றதைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒத்துப் போகும்வரை நான்காவது காலைத் திருப்புங்கள். நீர்மட்டம் பிறகு.

11.9.2024

போல்ட்டைக் காலில் எப்படிப் பூட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேம்புக் காலின் வெட்டுமுகத்தில் நட்டை அடித்து இறுக்கினால் கால் வெடிக்கும். மேசையைக் கவிழ்த்து, காலின் அடி நடுவில் 13 மி.மீ. துளை 4 அங்குல ஆழத்துக்கு இறக்குங்கள். அடியில் இருந்து ஒன்றரை அங்குலம் மேலே, காலின் உட்பக்கத்தில் உளியால் ஒரு சிறு பொந்து வெட்டி, சதுர நட் ஒன்றை அதற்குள் தள்ளுங்கள். போல்ட் அடியால் ஏறி அந்த நட்டைப் பிடிக்கும். பாரம் நட்டின் மேல் மரத்தில் அமர்கிறது, பிளக்கும் விசை குறைவு. அதற்கும் மேலாகப் பயம் என்றால் உலக்கைக்குப் பூண் போடுவதுபோலக் காலின் அடியில் பட்டை இரும்பால் ஒரு பூண் போட்டு விடுங்கள். கடைசியில் காலின் அடியை இறுக்கிப் பிடிக்க இன்னொரு நட், வொஷரோடு. அந்த இரண்டாவது நட் இல்லாமல் வேலை முடியாது. கொட்டன் அடியில் போல்ட் மெல்ல மெல்லத் தானாகத் திரும்பும்.

14.9.2024

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கடை கடையாக ஏறி நட் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். அரை அங்குல நட், அரை அங்குல போல்ட், ஆனால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாது. காரணம் இதுதான்: பழைய பிரித்தானியப் புரி அரை அங்குலத்தில் அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்கப் புரி 13. இரண்டும் கடையில் ஒரே பெட்டியில் கிடக்கும். எட்டில் மூன்று அங்குலத்தில் இரண்டுக்கும் 16தான். புரியின் கோணம் 55 பாகை, 60 பாகை என்று வேறானாலும் நடைமுறையில் ஏறிவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் எம்12 (12 மி.மீ. மெற்றிக் புரி) கேளுங்கள், நட்டையும் போல்ட்டையும் கடையிலேயே கடைசிவரை திருகிப் பாருங்கள்.

தண்ணீர்க் குழாயின் நிப்பிளையும் சொக்கெட்டையும் வைத்து உயர்த்தி இறக்கலாமா என்றும் கேட்கிறார். அந்தப் புரி தண்ணீர் கசியாமல் இருக்கவென்று நுனிநோக்கி ஒடுங்கி வரும். சில சுற்றோடு இறுகி நின்றுவிடும். நிலையான காலுக்குக் குழாய் அருமை, திருகி நிறுத்தும் காலுக்கு உதவாது.

15.9.2024

இறப்பருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் சுலபம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு ரயரை அறுத்துச் செருப்புத் தைத்த காலம் நினைவிருக்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலமும் அதுதான். எந்த ரயரின் எந்தப் பகுதியில் கத்தி இறங்கும், எங்கே கம்பி தட்டும் என்பது அந்தத் தலைமுறைக்குக் கைப்பழக்கம். என் பெரியப்பா லொறி ரயரைக் கண்டால் விரலால் தட்டிப் பார்ப்பார்.

அந்த அறிவு இங்கே அப்படியே உதவும். இப்போதைய கார், லொறி ரயர்களில் ஓடுபகுதிக்குள் உருக்குக் கம்பி வலை இருக்கிறது. அறுத்தால் கம்பி நுனி வெளியே நீட்டி நிலத்தைக் கீறும், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். உழவு இயந்திரத்தின் பழைய ரயர் பெரும்பாலும் நைலோன் நூல் அடுக்கு, விளிம்பில் மட்டும்தான் கம்பி. அதன் பக்கச் சுவரில் இருந்து வெட்டிய துண்டு தட்டையாக, நூலோடு, இழுபடாமல் இருக்கும். எனக்குத் தெரிந்த மட்டில் வீட்டில் செய்யும் கால் அடிக்கு இதற்கு மேல் ஒரு அடித்தோல் இல்லை. காற்றடிக்கும் கடையில் கேட்டால் தருவார்கள். ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர் பாவிக்கும் பசை. தட்டையும் இறப்பரையும் உரஞ்சி, இரண்டிலும் பூசி, காய விட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

குளியலறைச் செருப்புத் துண்டை வைக்க வேண்டாம். அந்த நுரை பாரத்தில் அமுங்கினால் திரும்பி எழும்பாது, ஒவ்வொரு காலும் ஒவ்வொரு அளவுக்கு அமுங்கும்.

22.9.2024

மரத்தாலேயே செய்தால் என்ன என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். செய்யலாம், மரம் தெரிந்து செய்தால். தட்டுக்குப் பாலை மரம் முதல் தரம். ஆணி அடித்தால் ஆணி வளையும், அவ்வளவு இறுக்கம். துளை போட்டுத்தான் வேலை. புளியும் நல்லது, நார் பின்னிக் கிடப்பதால் பிளக்காது. இறைச்சிக் கடைக் கட்டைக்கு அதை எடுப்பது அதனால்தான். முதிரையும் சரி, ஆனால் நல்ல முதிரைத் துண்டைக் காலுக்கு அடியில் போட எனக்கு மனம் வராது. பூவரசு கொஞ்சம் மென்மை.

பனையைப் பற்றிக் கேட்காமல் இருப்பீர்களா? வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை கூரையில் தலைமுறைகள் நிற்கும். அந்தப் பலம் எல்லாம் நீளவாக்கில் ஓடும் கறுப்பு நாரில் இருக்கிறது. குறுக்கே ஒரு சிறு துண்டாக வெட்டினால் நாருக்கு நார் பிடிப்பு இல்லை, விளிம்பு சிலும்பாகக் கழரும், திருகாணியும் பிடிக்காது. கையில் சிலும்பு ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு. கால் அடிக்குப் பனை வேண்டாம்.

அளவெட்டி நண்பர் வீட்டில் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டை கிடக்கிறதாம். 1990இல் போரால் யாழ்ப்பாண ரயில் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பரும் பங்கர்களுக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். மரம் இரும்புபோல இருக்கும், சந்தேகம் இல்லை. ஆனால் தார் எண்ணெய் ஊற்றிய கட்டை என்றால் மணந்து பாருங்கள், தெரியும். வெயிலில் கசிந்து சீமெந்தில் கறை வைக்கும், இறப்பரையும் கெடுக்கும். வெளியில் படலைக்குக் கால் நட வைத்திருங்கள்.

3.10.2024

சாவகச்சேரி அக்காவுக்கு: நீங்கள் கேட்பது தச்சு மேசை இல்லை, மோட்டர் பூட்டிய தையல் மெசின் மேசை. நான் மெல்லிய இறப்பர் என்று சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு எதிரி அதிர்வு. தடித்த இறப்பர்தான் வேண்டும், ஹொக்கி வில்லை கிடைத்தால் அதுவே உத்தமம். வில்லையின் மேல்முகத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு குழி துருவி, உள்ளே ஒரு இரும்பு வொஷரை இட்டு, போல்ட் தலை அதன்மேல் அமரட்டும். போல்ட்டை நேரே இறப்பருக்குள் திருக வேண்டாம், புரி பிடிக்காது.

மெசின் எண்ணெய் சொட்டும் இடம் என்றால் ரயர் இறப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். கராஜில் எண்ணெய் தாங்கும் இறப்பர் விரிப்பு என்று கேளுங்கள். உங்கள் அறை மினுக்கிய சிவப்புச் சீமெந்து என்றீர்கள். கறுப்பு இறப்பர் நாட்பட அதில் மண்ணிறக் கறை வைக்கும், தேய்த்தாலும் போகாது. அடியில் ஒரு தோல் துண்டு, சொரசொரப்புப் பக்கம் நிலத்தைப் பார்க்க ஒட்டினால் கறை இல்லை. உள்வீட்டுக்கு மட்டும் இது. தாழ்வாரத்தில் மாரிக்குத் தோல் பூஞ்சணம் பிடிக்கும்.

20.10.2024

பருத்தித்துறையில் இருந்து ஒருவர் 3 அங்குலப் பிவிசி குழாயை வளையமாக வெட்டி, போல்ட்டைத் தலைகீழாக நிறுத்தி, சீமெந்துக் கலவை வார்த்துக் கால் அடி செய்திருக்கிறார். அழகான யோசனை. தட்டு, பாரம் எல்லாம் ஒன்றாக வந்துவிடுகிறது. இரண்டு விஷயம் மட்டும். கலவைக்கு நல்ல தண்ணீர் எடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கடல் மணலோ போனால் உப்பு உள்ளே இருந்தே போல்ட்டைத் தின்னும், துரு பெருத்துக் கல்லை வெடிக்க வைக்கும். உப்பில்லாத சீமெந்துக்குள் இருக்கும் இரும்பு இலேசில் துருப்பிடிக்காது. மற்றது, 28 நாள்வரை ஈரம் காயாமல் வைத்து முற்ற விடுங்கள். மேசையை இழுத்துக்கொண்டு திரிபவர்களுக்கு இது சரிவராது, விளிம்பு உடையும்.

காரைநகர் அண்ணை பித்தளை சொல்கிறார். படகு வேலை செய்தவர், உப்பைத் தெரிந்தவர். பித்தளை நட்டில் இரும்புப் போல்ட் வழுவழுவென்று ஓடும் என்பது உண்மை. ஆனால் உப்பீரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டு இருந்தால் கரைவது இரும்பு. கிறீஸ் தடவி வைத்தால் நீண்ட காலம் தாங்கும்.

8.12.2024

ஃபெங்கல் புயல் வெள்ளம் வடிந்து இப்போதுதான் தாழ்வாரங்களைக் கழுவி முடித்திருக்கிறோம். சாமான்களுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வைக்க முடியாது, ஆகவே என் மேசையைப் பார்த்ததை எழுதுகிறேன்.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. இரும்புத் தட்டில் நின்ற கால்களின் வேம்பு ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் நிறம் மாறியிருந்தது, காய்ந்ததும் சரி. பக்கத்தில் அடி எதுவும் இல்லாமல் நேரே நிலத்தில் நின்ற சிறு மேசையின் கால்கள் வெட்டுமுகத்தால் தண்ணீரைக் குடித்து, ஒரு சாண் வரை ஊதி, ஒன்றில் வெடிப்பும் ஓடியிருந்தது. கால் அடியின் முதல் பிரயோசனம் மட்டம் என்று நினைத்திருந்தேன். எங்கள் மண்ணில் மரத்தை நிலத்தில் இருந்து தூக்கி நிறுத்துவதும் அதற்குச் சமன். கறையானுக்கும் இதுதான் மருந்து. ஒரு அங்குல வெளி இருந்தால் மண் புற்று ஏறும்போதே கண்ணில் படும், தட்டிவிடலாம். சாப்பாட்டு அலுமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போல்ட்டைப் பொறுத்தவரை, மினுமினுவென்று துத்தநாகம் மெல்லிசாகப் பூசிய கடைப் போல்ட்டில் புரியின் அடியெல்லாம் செம்மை தட்டிவிட்டது. கிறீஸ் தடவியிருந்த பகுதி மட்டும் சுத்தம். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது தடித்த பூச்சு, நெடுநாள் தாங்கும். அதற்கென்று கொஞ்சம் பெரிதாக வெட்டிய நட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஸ்ரெயின்லெஸ் போட்டால் கவலை இல்லை என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். துருவுக்கு ஆம். ஆனால் ஸ்ரெயின்லெஸ் போல்ட்டில் ஸ்ரெயின்லெஸ் நட்டைக் காய்ந்தபடி, பாரத்தோடு, வேகமாகத் திருகினால் புரி ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும். பிறகு வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கிறீஸ் தடவுங்கள், மெதுவாகத் திருகுங்கள். எந்தப் போல்ட்டாக இருந்தாலும் முதலில் அலவாங்கால் மேசையின் அந்த மூலையைக் கொஞ்சம் கிளப்பிக் கட்டை கொடுத்து, பாரம் இல்லாமல் திருகுங்கள். போல்ட்டின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று நான் நம்புகிறேன்.

12.1.2025

கொக்குவில் தம்பி படம் போட்டிருக்கிறார். 6 மி.மீ. இரும்புத் தட்டு, 3 அங்குலச் சதுரம், வெல்டிங் கடையில் நிறுத்து வாங்கிய வெட்டுத் துண்டு. நடுவில் பெரிய துறப்பண அலகால் ஒரு குழி. போல்ட்டின் நுனியை அரத்தால் உருண்டையாக அராவி அந்தக் குழிக்குள் நிறுத்தியிருக்கிறார். நான் சொல்லாமல் அவராகச் செய்தது இது, மிகவும் சரியான வேலை. தட்டு சரிவோடு சாய்ந்து முழுதாகப் பதியும், போல்ட் நேராக நிற்கும். இரண்டையும் வெல்டிங் பிடித்திருந்தால் சரிவு நிலத்தில் தட்டின் ஒரு விளிம்பு மட்டும்தான் தொட்டிருக்கும். அடியில் மச்சானின் வில்லையில் அறுத்த மெல்லிய வட்டம்.

சீவுளி போட்டால் இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது என்கிறார். படத்தைப் பார்த்தால் வெளிப்பக்கப் போல்ட் விரல் நீளத்துக்கு வெளியே நிற்கிறது. நான் சொன்ன 20 மி.மீ. கட்டையைப் போடவில்லை போல. முதலில் அதைப் போடுங்கள் தம்பி. பிறகும் ஆடினால் காலுக்கும் காலுக்கும் இடையில் குறுக்குச் சட்டம் போதவில்லை என்று அர்த்தம், அதைக் கால் அடியால் திருத்த முடியாது.

கரவெட்டி ஐயாவுக்கு: ஒரே இடத்தில் காலத்துக்கும் நிற்கும் மேசைக்குப் போல்ட்டே வேண்டாம் என்ற உங்கள் கட்சியில் நானும் பாதி சேர்ந்துவிட்டேன். பாலையில் எதிரெதிராக இரண்டு ஆப்பு, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று தள்ளினால் முழு முகமும் பாரம் தாங்கும், ஆட்டமே இல்லை, துருவும் இல்லை. கோடையில் மரம் காய்ந்து சுருங்கி ஆப்பு தளர்ந்தால் ஒருக்கால் தட்டிவிட்டால் போதும்.

19.1.2025

கட்டை போட்டதும் ஆட்டம் நின்றுவிட்டதாம். பாலையா புளியா என்று சொல்லவில்லை. இறுக்கும் நட்டை ஒரு கிழமை கழித்து மறுபடி ஒருக்கால் இறுக்கிப் பாருங்கள். புது மரம் வொஷருக்கு அடியில் கொஞ்சம் அமரும்.